முழுச்சாப்பாடு

முழுச்சாப்பாடு என்பது தமிழ்நாட்டு உணவகங்களில் நண்பகலில் வாழையிலையில் பரிமாறப்படும் உணவு ஆகும். ஒரே விலைக்குச் சோறும் குழம்பும் காய்கறிகளும் உண்பவர் போதும் என்னும்வரை மீண்டும் மீண்டும் இடப்படுவது இதன் சிறப்பியல்பு. இவை குறித்த அளவில் மட்டும் தரப்படுமாயின் அஃது அளவுச்சாப்பாடு எனப்படும். பேச்சு வழக்கில் முழுச்சாப்பாட்டை 'மீல்ஸ்' என்பர்.

பரிமாறும் முறை

நுனி உண்பவரின் இடப்பக்கம் அமையுமாறு இலை போடப்படும். இலையின் மேற்பகுதியில் உப்பு, ஊறுகாய், பொரியல், கூட்டு, அப்பளம் ஆகியன வைக்கப்படும். கீழ்ப்பகுதியில் சோறு இடப்படும். பருப்பும் நெய்யும், சாம்பார், காரக்குழம்பு அல்லது வற்றல்குழம்பு, இரசம், மோர் என்பது வழக்கமான வரிசை. அசைவ உணவகங்களில் மீன்குழம்பும் கோழிக்குழம்பும் சோற்றுக்கு ஊற்றப்படும். மீன் வறுவல் போன்றவற்றுக்குத் தனி விலை. போதும் என்பதை இலைக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டி உணர்த்துவர்.

ஒருவர் கூடுதலாக உண்பதை மற்றொருவர் குறைவாக உண்பது ஈடுசெய்வதாலும், மீண்டும் இடப்படுபவை பெரும்பாலும் விலை குறைந்த சோறும் குழம்புமாக இருப்பதாலும் ஒரே விலை உணவகத்தாருக்குக் கட்டுபடியாகிறது.

வரலாறு

முற்காலத்தில் வழிப்போக்கர்கள் கட்டுச்சோறு கொண்டு சென்றனர். அல்லது சத்திரங்களில் உண்டனர். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி 1802 இல் ஒரத்தநாட்டில் நிறுவிய முத்தாம்பாள் சத்திரமும், வள்ளலார் 1867 இல் வடலூரில் தொடங்கிய சத்திய தருமச்சாலையும் குறிப்பிடத்தக்கவை. பணம் பெற்று உணவளிக்கும் விடுதிகள் பெருகியபோது, யார் எங்கே அமர்ந்து உண்ணலாம் என்ற வினாவும் உடன் எழுந்தது. இருப்புப்பாதை நிலைய உணவகங்களில் பிராமணருக்கும் பிறருக்கும் தனித்தனி இடங்கள் இருந்தன. பெரியார் ஈ. வெ. இராமசாமியும் நீதிக்கட்சியினரும் இதனை எதிர்த்தனர். 1941 இல் இம்முறை கைவிடப்பட்டது. 1950 இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15 ஆம் உறுப்பு, சாதி முதலிய காரணங்களால் பொது உணவகங்களில் எவரையும் தடுத்தல் கூடாது என்கிறது. 1955 ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் இத்தகைய தடையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 'பிராமணாள்' என்ற பெயர்ப்பலகைக்கு எதிராக 1957 இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் மறியல் நடைபெற்றது. இன்று காசு கொடுக்கும் எவரும் அடுத்தடுத்து அமர்ந்து உண்ணும் பந்தி, இப்போராட்டங்களின் வழியே உருவானதாகும்.

பெரம்பலூர், அரியலூர் பகுதியில்

பெரம்பலூர் நகருக்கு இருப்புப்பாதை இல்லை. சென்னை - திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலை (முன்னர் தே. நெ. 45, இப்பகுதியில் தற்போது தே. நெ. 38) இதன் வழியாகச் செல்வதால் இங்கு உணவகத் தொழில் சாலையைச் சார்ந்துள்ளது. அரியலூர் விழுப்புரம் - திருச்சிராப்பள்ளி நேர்வழி இருப்புப்பாதையில் உள்ளது. சுண்ணாம்புக்கல், சிமெண்ட் ஏற்றும் சரக்குந்துகளின் போக்குவரத்தும் இங்கு மிகுதி.

தொலைதூரப் பேருந்துகள் வழியோர உணவகங்களில் சிறிது நேரமே நிற்கின்றன. அதற்குள் முழுச்சாப்பாடு உண்டு முடிப்பது அரிது. எனவே பயணிகள் தோசை, பரோட்டா, கலவைச்சோறு போன்றவற்றையே நாடுகின்றனர். தம் விருப்பப்படி வண்டியை நிறுத்தக்கூடிய சரக்குந்து ஓட்டுநர்களும், வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம் விற்க வரும் உழவர்களும், அலுவலகப் பணிகளுக்காக வரும் சிற்றூர் மக்களுமே ஆற அமர இலையில் உண்கின்றனர்.

ஒப்பீடு

பயணிகள் விரும்பும் நீண்ட உணவுக்குக் கிரேக்க நாட்டின் 'தவேர்னா' எனப்படும் உணவகங்கள் பெயர்பெற்றவை. அங்கு 'மெசே' எனும் சிறு உணவு வகைகள் மேசையின் நடுவே வைக்கப்பட்டு அனைவராலும் பகிரப்படும். பேச்சுடன் உணவு மணிக்கணக்கில் நீளும். இறுதியில் பழமோ இனிப்போ விலையின்றித் தரும் வழக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் ஒவ்வொருவருக்கும் தனி இலை. அடுத்தவர் இடத்திற்குக் காத்திருப்பதால் உண்டவர் விரைவில் எழுவார். கிரேக்கத்தில் விருந்தோம்பலின் அளவு நேரம். இங்கு அது மறுசோறு.