தீவாக இல்லாத தீவுக்கு ஒரு நாள் பயணம்

ஜப்பானின் கியூஷூ பகுதியில், தெற்குக் கோடியில் இருக்கும் நகரம் ககோஷிமா. 'கிழக்கின் நேப்பிள்ஸ்' என்று அதற்குச் செல்லப் பெயர் உண்டு. காரணம், கடற்கரையில் நின்றாலே எதிரே தெரியும் சகுராஜிமா எரிமலை. உயரம் 1,117 மீட்டர். பல நாட்கள் புகையைக் கக்கிக்கொண்டே நிற்கும்!

ககோஷிமாவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் சகுராஜிமாவுக்கு ஒரு நாள்தான் ஒதுக்குகிறார்கள். படகில் 15 நிமிடம். இறங்கியதும் சுற்றிக் காட்டும் பேருந்து ஒன்று உண்டு. தீவின் மேற்குப் பக்கத்தை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சுற்றிவிட்டுத் துறைமுகத்துக்கே திரும்பிவிடும். 373 மீட்டர் உயரத்தில் உள்ள யுனோஹிரா காட்சி மேடை, கடலோரத்தில் கால் நனைக்க வெந்நீர்த் தொட்டி, உலகிலேயே பெரிய ரகமான முள்ளங்கி, மிகச் சிறிய ஆரஞ்சு... மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஆனால் இந்தத் தீவின் உண்மையான கதை கிழக்கிலும் தெற்கிலும் இருக்கிறது. அதைப் பார்க்க விரும்புபவர்கள் காலையிலேயே வாடகைக்கு ஒரு கார் எடுத்துவிடுவது நல்லது. கதை என்ன? 1914-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஜனவரி 10, 11 தேதிகளில் தீவில் நிலம் அடிக்கடி அதிர்ந்தது. சில இடங்களில் வெந்நீர் பொங்கியது. அப்போது தீவில் 20,000 பேருக்கு மேல் வசித்தார்கள். 1779-ல் நடந்த பெரிய வெடிப்பில் 150 பேர் வரை இறந்திருந்தார்கள். அந்தக் கதையைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. படகுகளில் ஏறிக் கிளம்பிவிட்டார்கள்.

ஹிகாஷி சகுராஜிமா கிராமத் தலைவர் வேறு மாதிரி யோசித்தார். ககோஷிமா வானிலை நிலையத்தைக் கேட்டார். சகுராஜிமா வெடிக்காது என்று பதில் வந்தது. அதை அவர் ஊருக்குச் சொன்னார். இதில் கொடுமை என்னவென்றால், படித்தவர்கள்தான் அந்தப் பதிலை நம்பித் தங்கினார்கள்.

ஜனவரி 12, காலை 10 மணி அளவில் மலை வெடித்தது. முதலில் மேற்குச் சரிவு, சில நிமிடங்களில் தென்கிழக்குச் சரிவு. தங்கியிருந்தவர்களில் சிலர் குளிர்காலக் கடலில் குதித்து மூழ்கினார்கள். அன்று மாலையே ரிக்டர் அளவில் 7 தொட்ட நிலநடுக்கம் ககோஷிமா நகரை உலுக்கியது. இரண்டும் சேர்ந்து 58 பேரைப் பலி கொண்டன.

எரிமலைக் குழம்பு நிற்கவில்லை. தீவுக்கும் ஒசுமி தீபகற்பத்துக்கும் நடுவே சுமார் 400 மீட்டர் அகலமும் 70 மீட்டருக்கு மேல் ஆழமும் கொண்ட கடல் இருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் அது தூர்ந்துவிட்டது! அன்றிலிருந்து சகுராஜிமா தீவே இல்லை. பெயரில் மட்டும்தான் தீவு ('ஜிமா' என்றால் தீவு). மேற்கே இருந்த கராசுஜிமா என்ற குட்டித் தீவோ குழம்புக்கு அடியில் போய்விட்டது. சுற்றுலாப் பேருந்து நிற்கும் ஓர் இடம் அதன் தலைக்கு மேல்தான் இருக்கிறது.

காரில் கிழக்கே போனால் குரோகாமி. அங்கே ஒரு கோயிலின் கல் தோரண வாயில் இருக்கிறது. 3 மீட்டர் உயரம், ஆனால் வெளியே தெரிவது மேல் 1 மீட்டர் மட்டும். ஒரே நாளில் விழுந்த சாம்பலும் கல்லும் மிச்சத்தை மூடிவிட்டன. பிறகு தோண்டி எடுக்கப் பார்த்தபோது, வருங்காலத்தவர்கள் பார்க்கட்டும் என்று அன்றைய கிராமத் தலைவர் தடுத்துவிட்டாராம்.

தெற்கில் இருப்பது இந்தப் பயணத்திலேயே முக்கியமான இடம். வானிலை நிலையத்தை நம்பிய அந்தக் கிராமத் தலைவர் உயிர் பிழைத்தார், ஆனால் மனம் ஆறவில்லை. தன் ஊர் கற்ற பாடத்தைக் கல்லில் எழுதி வைக்க ஆசைப்பட்டார். அவர் மறைந்த பிறகு, 1924-ல், ஹிகாஷி சகுராஜிமா தொடக்கப்பள்ளி வளாகத்தில் அந்தக் கல் நின்றது. அதன் சாரம் இது: மக்கள் கோட்பாடுகளை நம்பியிருக்கக் கூடாது, மாறுதல் கண்டால் முன்கூட்டியே கிளம்பத் தயாராக வேண்டும், எந்த நாளில் ஆபத்து வந்தாலும் தெருவில் நிற்காதபடி அன்றாடம் உழைத்துச் சிக்கனமாகச் சேர்த்து வைக்க வேண்டும். பொதுவாக இதை 'அறிவியலை நம்பாதே கல்' என்றே அழைக்கிறார்கள்.

அப்படியானால் அறிவியல் தோற்றுவிட்டதா? இல்லை. வெடிப்புக்குப் பின் நிலம் எவ்வளவு இறங்கியது என்று அளந்த கணக்கை வைத்துத்தான் 1958-ல் மோகி என்ற விஞ்ஞானி, பூமிக்கடியில் குழம்பு சேர்வதைக் கணிக்கும் முறையை விளக்கினார். இன்று உலகெங்கும் எரிமலைகளில் அந்த முறை பயன்படுகிறது. அதே மாதிரிக் கணக்குகளின்படி, 1914-ல் வெளியேறிய அளவு குழம்பு மீண்டும் சேர சுமார் 130 ஆண்டுகள் ஆகும் என்று 2016-ல் ஓர் ஆய்வு சொன்னது. கூட்டிப் பாருங்கள், 2040-கள் வந்துவிடும்.

2022 ஜூலை 24 அன்று எச்சரிக்கை உச்சமான 5-ஆம் நிலைக்குப் போனது. மலைக்கு அருகில் இருந்தவர்கள் உடனே வெளியேற்றப்பட்டார்கள். பெரிய சேதம் இல்லை, மூன்றே நாளில் எச்சரிக்கை குறைந்தது. 1914-ல் "போக வேண்டாம்" என்ற கருவிகள் 2022-ல் "போய்விடு" என்றன. தீவு மக்கள் இரண்டையும் கேட்டவர்கள். அதனால்தான் அங்கே சாலையோரங்களில் கான்கிரீட் பதுங்குமிடங்கள் நிற்கின்றன, வெளியேறும் பயிற்சி ஆண்டுதோறும் நடக்கிறது.

எனவே சகுராஜிமா போகிறவர்கள் முள்ளங்கியைப் பார்க்கட்டும், வெந்நீரில் கால் நனைக்கட்டும். ஆனால் மாலைப் படகு ஏறும் முன் அந்தக் கல்லுக்கும் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கட்டும். பெரிய ஆபத்தைத் தாண்டிய ஓர் ஊர், கடைசியில் "சேமித்து வை" என்று சொல்வதில் எவ்வளவோ அனுபவம் இருக்கிறது!