இருமல் அடக்கி மருந்து: பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முறை

ஓவேலி போன்ற மலைப்பகுதிகளில் குளிரும் மூடுபனியும் மிகும் மாதங்களில் சளி, இருமல் வருவது இயல்பு. கடைகளில் கிடைக்கும் வறட்டு இருமல் சிரப்புகள் பலவற்றில் டெக்ஸ்ட்ரோமெத்தோர்ஃபன் உள்ளது. இது மூளையில் இருமலைத் தூண்டும் பகுதியைத் தணிக்கிறது. இருமலின் காரணத்தைக் குணப்படுத்துவதில்லை.

எப்போது பயன்படும்?
சளியில்லாத வறட்டு இருமல் உறக்கத்தைக் கெடுக்கும்போது, சில நாட்களுக்கு மட்டும் பயன்படுத்தலாம். சளியுடன் கூடிய இருமலை அடக்கினால் சளி நுரையீரலில் தேங்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ள வேண்டாம்.

குழந்தைகளுக்கு
2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' சிரப்பை உட்கொண்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தனர். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு 48.6 சதவீதம் கலந்திருந்தது தமிழக அரசின் ஆய்வில் தெரியவந்தது. இது டெக்ஸ்ட்ரோமெத்தோர்ஃபனின் விளைவன்று. எனினும், தேவையின்றி இருமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகள் தரக் கூடாது. 5 வயதுக்குட்பட்டோருக்கும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று மத்திய அரசு அறிவுறுத்தியுள்ளது. ஒரு வயது நிறைந்த குழந்தைக்குச் சிறிது தேன் தரலாம். அதற்குக் குறைந்த வயதில் தேனும் கூடாது.

அளவு
• வீட்டுக் கரண்டியைத் தவிர்த்து, மருந்துடன் வரும் அளவுமூடியில் அளந்து குடியுங்கள்.
• பெரியவர்கள் ஒரு நாளில் 120 மில்லிகிராம் டெக்ஸ்ட்ரோமெத்தோர்ஃபனுக்கு மேல் உட்கொள்ளக் கூடாது.
• இரண்டு சளி மருந்துகளைச் சேர்த்து உட்கொள்ளுமுன் உட்பொருட்களை ஒப்பிடுங்கள். ஒரே மருந்து இரண்டிலும் இருக்கலாம்.
• தூக்கம், தலைச்சுற்றல் வரலாம். வாகனம் ஓட்டுவதையும் மதுவையும் தவிருங்கள்.

மருத்துவரிடம் முன்கூட்டியே கூற வேண்டியவை
ஃபுளூஆக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகளையோ, லைனசோலிட் என்னும் கிருமிக்கொல்லியையோ உட்கொள்பவர்களுக்கு இது கடும் நடுக்கம், காய்ச்சல், மனக்குழப்பம் ஆகியவற்றை உண்டாக்கக்கூடும். இரத்த அழுத்தத்திற்கான எனலாப்ரில் மாத்திரையே சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அப்போது மருத்துவரைக் கேட்டு மாத்திரையை மாற்றுவதே தீர்வு.

எப்போது உடனே செல்ல வேண்டும்?
மூச்சுத்திணறல், இரத்தம் கலந்த சளி, குழந்தைக்குச் சிறுநீர் குறைதல், மருந்து குடித்தபின் எழுப்ப முடியாத உறக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். மருந்துப் புட்டியை உடன் எடுத்துச் செல்லுங்கள். இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் சிரப்பைத் தொடராமல், அரசு சுகாதார நிலையத்தில் காசநோய்க்கான சளிப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளுங்கள்.