கிறிஸ்தவக் கல்லூரியா, பொதுக் கல்லூரியா?

சேர்வராயன் மலையில் பள்ளிக்கூடங்களுக்குக் குறைவில்லை. ஏற்காட்டில் சேக்ரட் ஹார்ட் பள்ளி 1894-ல் தொடங்கியது. மான்ட்போர்ட் பள்ளி 1917-ல். இரண்டுமே கத்தோலிக்கத் துறவற சபைகள் நிறுவியவை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பெரும்பாலானவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மலையிறங்க வேண்டியதுதான். சேலமோ, திருச்சியோ, சென்னையோ!

கோயிலுக்குத் தவறாமல் போகும் கிறிஸ்தவக் குடும்பங்களில் அப்போது ஒரு கேள்வி வரும். "நம்ம காலேஜ்லயே சேர்த்துடலாமா? கவர்மென்ட் காலேஜுக்குப் போனா பிள்ளை விசுவாசத்தை விட்டுடுமோ?" நானும் பி.காம். சேரும்போது கேட்டதுதான். இதற்கு நூற்றைம்பது வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது நண்பர்களே.

1854-ல் வந்த உட்ஸ் கல்வி அறிக்கை இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒன்று, அரசு நிறுவனங்களில் மதபோதனை கூடாது. இரண்டு, தனியார் நடத்தும் கல்விக்கூடங்களுக்கு, மிஷனரிகளுடையது உட்பட, பொதுக்கல்வி தரமாக இருந்தால் அரசு மானியம் உண்டு. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தபோது மிஷன் கல்லூரி மாணவனும் அரசுக் கல்லூரி மாணவனும் ஒரே தேர்வை எழுதி ஒரே பட்டம் வாங்கினார்கள். இன்று தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்தாலும் பட்டம் பல்கலைக்கழகத்தினுடையதுதான். கோவை காருண்யா (2004), பெங்களூரு கிறைஸ்ட் (2008) போல நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனவை சில மட்டுமே. ஆக, நம் ஊரில் இந்தக் கேள்வி பெரும்பாலும் பல்கலைக்கழகத்தைப் பற்றியது அல்ல, கல்லூரியைப் பற்றியது.

கிறிஸ்தவக் கல்லூரி என்றாலும் மதபோதனையைத் திணிக்க முடியாது. அரசு அங்கீகாரமோ மானியமோ பெற்ற நிறுவனத்தில் யாரையும் சம்மதமில்லாமல் மத வகுப்பிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவு.

சரி, கல்லூரி ஒருவரின் நம்பிக்கையை மாற்றுகிறதா? இரண்டு பேரைப் பார்ப்போம்.

முதலாமவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். இந்துக் குடும்பத்துப் பிள்ளை. படித்ததோ வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும். மிஷனரிகள் இந்து மதத்தை விமர்சித்தது அவரை உறுத்தியது. அதனாலேயே தன் மதத்தை ஆழமாகப் படித்தார். 1908-ல் எம்.ஏ.வுக்கு அவர் எழுதிய ஆய்வு வேதாந்தத்தின் அறநெறி பற்றியது. அதைப் பாராட்டிச் சான்று தந்தவர் அங்கே தத்துவம் சொல்லித்தந்த கிறிஸ்தவப் பேராசிரியர் ஏ.ஜி. ஹாக்! அடுத்த வருடமே அரசு மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார் ராதாகிருஷ்ணன்.

இரண்டாமவர் நம்ம காமர்ஸ்காரர், ஜே.சி. குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவர். லண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்றவர். பிறகு அமெரிக்காவில் சிராகியூஸ் பல்கலைக்கழகத்திலும், 1920களின் இறுதியில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் படித்தார். கொலம்பியாவில் அவர் படித்தது மதம் அல்ல, பொது நிதி. இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்ற கேள்வியை அவருக்குள் கிளப்பியது அந்தப் படிப்புதான். 1929-ல் ஊர் திரும்பியதும் காந்தியிடம் போனார். விசுவாசம் போய்விட்டதா? இல்லை. இயேசுவின் போதனைகளைப் பற்றிப் பின்னாளில் புத்தகமே எழுதினார். ஏழைகளுக்கான பொருளாதாரத்தையும் தன் விசுவாசத்தையும் அவர் வேறு வேறாகப் பார்க்கவில்லை.

கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த இந்து இன்னும் ஆழமான இந்துவானார். பொதுப் பல்கலைக்கழகத்தில் படித்த கிறிஸ்தவர் இன்னும் ஆழமான கிறிஸ்தவரானார். இருவருக்கும் பொதுவாக இருந்தது, எதிரே வந்த கேள்விக்கு முதுகு காட்டாத குணம். கல்லூரி வாசலில் இருந்த பெயர்ப்பலகை அதைக் கொடுக்கவில்லை.

இதனால் கிறிஸ்தவக் கல்லூரி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. முதல் தடவையாக வீட்டை விட்டு வரும் பிள்ளைக்கு வளாகத்திலேயே ஒரு சிற்றாலயமும், கூடவே ஜெபிக்க நாலு நண்பர்களும் இருப்பது பெரிய பலம். ஆனால் அங்கேயும் ஒரு ஆபத்து உண்டு. விசுவாசம் வருகைப்பதிவேடு மாதிரி ஆகிவிடலாம். அரசுக் கல்லூரியில் அதற்கு எதிர்ப்பக்கம். ஞாயிற்றுக்கிழமை யாரும் எழுப்பிவிட மாட்டார்கள், எழுந்தால் அது நாமாக எழுந்தது. துணை வேண்டுமென்றால் 1912-ல் தொடங்கிய இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம், 1924-ல் தொடங்கிய அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பு போன்றவை இருக்கின்றன.

அதனால் இந்த வருடம் விண்ணப்பம் நிரப்பும் தம்பி தங்கைகளே, கட்டணம், பாடப்பிரிவு, ஆசிரியர்கள், விடுதி இவற்றைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள். விசுவாசத்தைக் காக்கும் வேலையை மட்டும் கல்லூரியிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். அது நம்ம கணக்கில் வரும் வேலை.