பெயரற்றவர்களின் பொது அலுவலகம்

சிற்றிதழ் உலகை அறிந்த நமக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். மூவர் கூடினால் ஓர் இதழ் பிறக்கும். நால்வரானால் அது இரண்டு இதழ்களாகும். சிறு குழுக்களுக்கு உயிர் தருவது அவற்றின் தனித்தன்மை. அவை ஒன்றுசேர்ந்து இயங்கத் தடையாக நிற்பதும் அதுவே. அப்படியிருக்க, தலைவரும் உறுப்பினர் பதிவேடும் இல்லாத, ஒன்றுக்கொன்று கட்டளையிட இயலாத பல சிறு குழுக்கள் கூடிப் பொது அலுவலகம் ஒன்றை அமைத்தன என்றும், அத்தகைய அலுவலகங்கள் எண்பது ஆண்டுகளைக் கடந்தும் நடந்து வருகின்றன என்றும் கேள்விப்பட்டால் நாம் சற்று நின்று கவனிக்கத்தான் வேண்டும். அந்தக் குழுக்கள் இலக்கியவாதிகளுடையவை அல்ல. குடிநோயாளிகளுடையவை. 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', சுருக்கமாக ஏ.ஏ., என்ற பெயரில் உலகெங்கும் இயங்குபவை.

இவ்வியக்கத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் பன்னிரண்டு படிகளைப் பற்றியும், தனிமனிதர் மீண்ட கதைகளைப் பற்றியுமே எழுதுகிறார்கள். நாம் இங்கே பேச முனைவது அதிகம் பேசப்படாத வேறொரு பக்கத்தை. ஒரு நகரத்தின் குழுக்கள் மருத்துவமனைப் படுக்கையையும், தொலைபேசியையும், புதிதாக வருவோரையும் எவ்வாறு தமக்குள் பகிர்ந்துகொண்டன என்பதே அது.

இயக்கமே ஒரு தொலைபேசி அழைப்பில்தான் தொடங்கியது. 1935 மே மாதம், நியூயார்க்கின் பங்குச் சந்தை வட்டாரத்தைச் சேர்ந்த பில் வில்சன் தொழில் காரியமாக ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகருக்கு வந்தார். வந்த காரியம் தோற்றது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த அவர் மேஃப்ளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் தனியே நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் தொலைபேசி. தன்னைக் காத்துக்கொள்ள இன்னொரு குடிநோயாளியுடன் பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து அழைக்கத் தொடங்கினார். அந்தச் சங்கிலி அவரை ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற பெண்மணியிடமும், அவர் வழியாக டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரிடமும் கொண்டு சேர்த்தது. டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாளென்று கொள்ளப்படும் 1935 ஜூன் 10 இயக்கத்தின் பிறந்தநாளாயிற்று. பின்னாளில் தோன்றிய எல்லா அலுவலகங்களும் அந்த ஓர் அழைப்பை எந்நேரமும் எவருக்கும் கிட்டச் செய்யும் ஏற்பாடுகள் என்றே நாம் கருதுகிறோம்.

முதல் தேவை படுக்கை. குடியை நிறுத்தும் முதல் நாட்களின் நடுக்கமும் வலிப்பும் உயிருக்கே ஆபத்தானவை. ஆனால் அக்காலத்து மருத்துவமனைகள் பல குடிகாரர்களைச் சேர்க்க மறுத்தன; சேர்ந்தால் ரகளை, பணமும் வராது என்பது அவற்றின் அனுபவம். 1939 ஆகஸ்டில் ஏக்ரனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சேர்க்கைப் பிரிவைக் கவனித்துவந்த சிஸ்டர் இக்னேஷியா என்ற கன்னிகாஸ்திரீ, டாக்டர் பாபின் வேண்டுகோளுக்கு இணங்கி ஒரு குடிநோயாளியைச் சேர்த்துக்கொண்டார். ஏட்டில் எழுதப்பட்ட நோய் 'கடும் இரைப்பை அழற்சி'. அந்நோயாளிக்குத் தனியிடம் வேண்டும் என்று டாக்டர் கேட்டபோது, நோயாளிகளுக்கு வரும் பூக்களைத் திருத்தி வைக்கும் சிற்றறைக்குள் கட்டிலைத் தள்ளி இடம் செய்தார்கள். 1950 நவம்பரில் டாக்டர் பாப் இறக்கும் வரை இவ்விருவரும் சுமார் ஐயாயிரம் பேரைக் கவனித்ததாக இயக்கத்தின் வரலாறு கூறுகிறது. மருந்து கொடுத்தவர்கள் இவர்கள். பகலெல்லாம் வந்து கட்டிலருகில் அமர்ந்து தம் கதையைச் சொன்னவர்கள் குழுக்களின் உறுப்பினர்கள். எனவே எந்த நோயாளியை யார் போய்ப் பார்ப்பது என்பதை யாரோ ஒருவர் ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது.

அந்த ஒழுங்கு முதலில் உருவெடுத்தது ஏக்ரனில் அல்ல. சுமார் 60 கிலோமீட்டர் வடக்கேயுள்ள கிளீவ்லாந்தில். அந்நகரத்தார் வாரந்தோறும் ஏக்ரன் கூட்டத்துக்குக் காரில் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அக்கூட்டம் அப்போது 'ஆக்ஸ்ஃபோர்டு குரூப்' என்னும் கிறிஸ்தவ இயக்கத்தின் நிழலில் நடந்தது. கிளீவ்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கர்களுக்கு அது சங்கடமாயிற்று. கிளேரன்ஸ் ஸ்னைடர் என்பவர் முன்னின்று 1939 மே மாதத்தில் தனிக்கூட்டம் தொடங்கினார். ஏப்ரலில் வெளிவந்திருந்த நூலின் பெயரையே, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதையே, தன் பெயராகச் சூட்டிக்கொண்ட முதல் குழு அது. ஆகப் பொதுச் சேவையின் வரலாறு ஒரு பிரிவினையில் தொடங்குகிறது என்பதை நாம் மறக்கக் கூடாது.

அவ்வாண்டு அக்டோபரில் 'பிளெய்ன் டீலர்' நாளிதழில் எல்ரிக் டேவிஸ் என்ற செய்தியாளர் இக்குழுவைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். அப்போது கிளீவ்லாந்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ இருபது பேர். அவர்கள்மேல் நூற்றுக்கணக்கான வேண்டுகோள்கள் வந்து விழுந்தன. குடியை விட்டு ஓரிரு வாரங்களே ஆனவர்கள்கூட நேற்று வந்தவருக்குத் துணையாக அனுப்பப்பட்டார்கள். ஆளுக்கொரு வழித்துணை என்னும் 'ஸ்பான்சர்' முறை இந்த நெருக்கடியில்தான் உறுதிப்பட்டது. ஓராண்டுக்குள் குழுக்கள் சுமார் முப்பதாகவும், உறுப்பினர்கள் சில நூறு பேராகவும் பெருகினார்கள்.

முப்பது குழுக்கள் என்றால் முப்பது விதமான குழப்பம். ஒரே மருத்துவமனைக்கு ஒரே நாளில் பல குழுக்கள் ஆளனுப்பும். மற்றொரு மருத்துவமனையில் கிடப்பவரைத் தேடி ஒருவரும் வந்திருக்க மாட்டார். இதைச் சீர்செய்ய ஏழு பேர் கொண்ட மையக் குழு ஒன்று மாதந்தோறும் கூடத் தொடங்கியது. மருத்துவமனைச் சேர்க்கை, வழித்துணையை ஏற்பாடு செய்தல் ஆகிய இரண்டே அதன் வேலை. ஒவ்வொரு மாதமும் அதிலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும் விலகுவார்கள். வரிசையில் அடுத்து நிற்பவர்கள் அவ்விடத்துக்கு வருவார்கள். பதவி ஒருவரிடம் தங்கிவிடக் கூடாது என்ற சுழற்சி விதிக்கு ஏ.ஏ. வரலாற்றில் இதுவே முதல் எடுத்துக்காட்டு. நிர்வாகத் திறமையை விரும்புவோர் இம்முறையைக் கண்டு சிரிக்கலாம். வேலை பழகியதும் ஆளை மாற்றுவது எந்த அலுவலக நியாயம்? ஆனால் இம்மனிதர்கள் தம்மை அறிந்தவர்கள். அதிகாரத்தின் போதையும் ஒரு போதையே என்பதை மற்றவர்களைவிடத் தெளிவாக உணர்ந்தவர்கள்.

அடுத்த தேவை தொலைபேசி. சிகாகோவில் இயக்கத்தைத் தொடங்கியவர்களுள் சில்வியா என்ற பெண்மணி முக்கியமானவர். அவர் வீட்டுத் தொலைபேசியே நகருக்கெல்லாம் பொதுத் தொலைபேசியாக இருந்தது. 1941 மார்ச் 1 அன்று 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' வார இதழில் ஜாக் அலெக்சாண்டரின் கட்டுரை வெளியாயிற்று. நாடெங்கும் சுமார் 2,000 ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை அவ்வாண்டு முடிவில் 8,000 ஆயிற்று. சில்வியாவின் வீடு ரயில் நிலையம் போலாகிவிட்டது. நகரின் வணிகப் பகுதியில் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்து, குடிநோயாளி அல்லாத அவருடைய செயலாளரை அங்கே அமர்த்தினார்கள். ஏ.ஏ.யின் முறையான முதல் வட்டார அலுவலகம் அதுவே. சுற்றிலும் பல நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள குழுக்கள் பலவற்றுக்கு அந்த ஓரறையே தாய்வீடு.

இங்கே ஒரு பழைய கேள்வி எழுந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு குடிநோயாளிக்கு உதவலாமா? அன்பை விலைக்கு விற்பதாகாதா? நீண்ட சச்சரவுக்குப் பின் ஒரு நுட்பமான எல்லை வகுக்கப்பட்டது. தொலைபேசியை எடுப்பதற்கும், கடிதம் எழுதுவதற்கும், புத்தகம் அனுப்புவதற்கும் சம்பளம் தரலாம். ஒரு குடிநோயாளி இன்னொருவர் முன் அமர்ந்து தன் அனுபவத்தைச் சொல்வதற்கு மட்டும் விலை கிடையாது. சம்பள ஊழியர் செய்வது அந்தச் சந்திப்பு நிகழ வழி செய்வது மட்டுமே.

நியூயார்க்கில் இதே ஏற்பாடு இன்னும் விரிந்தது. 1945இல் நிக்கர்பாக்கர் மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் சில்க்வொர்த்தின் பொறுப்பில் குடிநோயாளிகளுக்கெனத் தனிப்பிரிவு அமைந்தது. உறுப்பினர் ஒருவர் பொறுப்பேற்று அழைத்து வருபவர்களுக்கே அங்கே இடம்; வெளியேறும்போதும் ஒருவர் உடன் செல்வார். 1946 வாக்கில் அந்நகரக் குழுக்களின் கூட்டமைப்பு 'இன்டர்குரூப்' என்ற பெயரில் உருப்பெற்றது. படுக்கை மருத்துவமனையுடையது, சிகிச்சை மருத்துவருடையது, ஆள்துணை குழுக்களுடையது. யாரும் யாருக்கும் உடைமையல்ல. 1952 டிசம்பரில் சிஸ்டர் இக்னேஷியா கிளீவ்லாந்தின் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில் 'ரோசரி ஹால்' என்ற பிரிவைத் திறந்தபோதும் இதே முறை பின்பற்றப்பட்டது.

பணம் என்ற பகுதிக்கு வராமல் இவ்வரலாறு நிறைவுறாது. ஆரம்பத்தில் வில்சன் மருத்துவமனைகளையும் சம்பளப் பிரசாரகர்களையும் கனவு கண்டார். அதற்காக ராக்ஃபெல்லரை நாடினார். 1938இல் அவர் அளித்தது 5,000 டாலர் மட்டுமே. அதிகப் பணம் இம்முயற்சியைக் கெடுத்துவிடும் என்பது அச்செல்வரின் எண்ணம். அந்தச் சிறு தொகையும் வதந்திகளுக்குப் போதுமானதாயிற்று. 1942இல், நிறுவனர்கள் இருவரும் ரகசியமாகப் பணம் குவிக்கிறார்கள் என்ற பேச்சு கிளீவ்லாந்தில் பரவியது. இருவரும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கோடு அங்கே சென்று விளக்கம் தந்தார்கள். பேச்சு அடங்கியது, மனக்கசப்பு முழுதும் மாறவில்லை. கூட்டத்தில் சுற்றிவரும் தட்டில் உறுப்பினர்கள் போடும் காசு மட்டுமே போதும், வெளியார் பணம் வேண்டாம் என்ற முடிவுக்கு இயக்கம் மெல்ல வந்து சேர்ந்ததன் பின்னணியில் இந்த அனுபவங்கள் உண்டு.

அவர்கள் முன் ஓர் எச்சரிக்கையும் இருந்தது. 1840இல் பால்டிமோர் நகரின் மதுக்கடையொன்றில் கூடிய ஆறு குடிகாரர்கள் தொடங்கிய 'வாஷிங்டனியர்' இயக்கம் சில ஆண்டுகளில் லட்சக்கணக்கானோரை ஈர்த்தது. 1842இல் ஆபிரகாம் லிங்கன் அவர்களிடையே உரையாற்றியிருக்கிறார். ஆயினும் பத்தாண்டுக்குள் அது ஏறக்குறைய மறைந்துபோயிற்று. பேரணிகளும் மதுவிலக்கு அரசியலும் பெருகி, ஒருவருக்கொருவர் துணைநிற்கும் வேலை பின்தங்கியதே காரணம் என்று வில்சன் கருதினார்.

இப்பாடங்கள் 1946 ஏப்ரலில் இயக்கத்தின் இதழான 'கிரேப்வைன்' பன்னிரண்டு கூற்றுகளாக வெளியிட்ட வரைவில் இடம்பெற்றன. 1950 ஜூலையில் அதே கிளீவ்லாந்தில் கூடிய முதல் பன்னாட்டு மாநாட்டில் பன்னிரண்டு மரபுகளாக ஏற்கப்பட்டன. ஒவ்வொரு குழுவும் தன்னாட்சி உடையது என்கிறது ஒரு மரபு. இயக்கத்துக்கு நிர்வாக அமைப்பு கூடாது, ஆனால் தாம் சேவை செய்வோருக்கே பதில் சொல்லக் கடமைப்பட்ட குழுக்களை அமைத்துக்கொள்ளலாம் என்கிறது மற்றொன்று. முதல் வாசிப்பில் இவை முரண்போலத் தோன்றும். ஆனால் பத்தாண்டு நடைமுறையில் கண்டதைத்தான் அவர்கள் எழுதிவைத்தார்கள். அலுவலகம் குழுக்களுக்கு ஊழியன், எசமானன் அல்ல.

இன்றும் நடைமுறை ஏறத்தாழ அதுவே. குழுக்கள் ஆளுக்கொரு பிரதிநிதியை அனுப்புகின்றன. எந்தத் தெருவில் எந்நேரம் கூட்டம் என்ற பட்டியல், இரவுநேரத் தொலைபேசிக்கு முறைவைத்து அமரும் தொண்டர்கள், வீடு தேடிச் செல்லச் சம்மதித்தோரின் பெயர்கள், மருத்துவமனைகளுக்கும் சிறைகளுக்கும் செல்லும் அணிகள், நூல் விற்பனை ஆகியவை பொதுவில் நடக்கின்றன. ஒரு குழு பணம் தர மறுத்தாலும் அதன் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குவது வழக்கமல்ல. 2020இல் பெருந்தொற்று கூட்டங்களின் கதவுகளை அடைத்தபோது, எந்தக் குழு எங்கே கூடுகிறது என்ற பட்டியலை நாளுக்கு நாள் திருத்தி எழுதும் வேலையும் இவ்வலுவலகங்கள் மேல்தான் விழுந்தது.

இம்முறைக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. ஆள் மாறிக்கொண்டே இருப்பதால் அனுபவம் சேர்வதில்லை. கையிருப்பு எப்போதும் சொற்பம். முடிவெடுக்கக் காலம் பிடிக்கும். மோசமாக நடந்துகொள்ளும் குழுவைத் தண்டிக்க எவருக்கும் அதிகாரமில்லை. ஆயினும் கைப்பற்றத் தக்கதாக எதுவும் இல்லாத அலுவலகத்தை யாரும் கைப்பற்ற முயல்வதில்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். சண்டையிட்டுப் பிரிந்த குழுக்கள்கூட அதே தொலைபேசியைத் தொடர்ந்து பகிர்ந்துகொண்டன. பகிராவிட்டால் நள்ளிரவில் அழைப்பவருக்கு மணி ஒலித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்கமாட்டார்கள். அதன் விலை ஓர் உயிர் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அழைத்தவரின் உயிர் மட்டுமல்ல. ஏக்ரன் ஹோட்டலில் தொலைபேசியை எடுத்த மனிதர் காப்பாற்ற நினைத்தது முதலில் தன்னைத்தான்.