பீப்பாயில் உறைந்த செந்நிறம்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள வாஷிங்டன், ஆரெகன் மாகாணங்களில் விளைந்த ஸ்ட்ராபெர்ரி, பறித்த சில தினங்களிலேயே கெட்டுப்போகும் சுபாவம் உடையதாகவும், அதை விரும்பி வாங்கும் பெருநகரங்களோ கண்டத்தின் மறுகோடியில் இருப்பனவாகவும் அமைந்தமையால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த வியாபாரிகள் பழத்தைச் சர்க்கரையோடு கலந்து, மரப் பீப்பாய்களில் அடைத்து, குளிர்க் கிடங்குகளில் உறையவைத்து அனுப்பும் வழக்கத்தை மேற்கொண்டார்கள். ஜாம் காய்ச்சுகிறவர்களும் ஐஸ்கிரீம் செய்கிறவர்களுமே வாடிக்கைக்காரர்கள். பழம் உருக்குலைந்திருந்தால் அவர்களுக்குப் பாதகமில்லை, நிறம் மங்கியிருந்தால்தான் விபரீதம்.

அந்த நிறமோ எளிதில் காப்பாற்றக்கூடியதன்று. 1835-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான மார்க்வார்ட் ஆந்தோசயனின் என்று பெயரிட்ட அந்த வர்ணப் பொருள், நீரில் கரைந்து பழத்தின் உயிரணுக்களுக்குள் சாறாகத் தங்கியிருப்பது. பெரிய பீப்பாயின் நடுப்பகுதி உறைவதற்கு நாட்கணக்காகும். மெல்ல உறையும் நீர் பெரும் பனிப்படிகங்களாகத் திரண்டு உயிரணுச் சுவர்களைக் கிழிக்க, வெளியே கசிந்த சாறு பிராணவாயுவோடும் பழத்திலேயே உள்ள நொதிகளோடும் கலந்து பழுப்பேறிவிடும். சர்க்கரைப் பாகு பழத்தைச் சூழ்ந்து காற்றைத் தடுத்ததனால்தான் ஓரளவு செம்மையாவது மிஞ்சியது. காய்கறியாயின் வெந்நீரில் அமிழ்த்தி நொதிகளை அழித்துவிடலாம். பழத்தை அப்படிச் செய்தால் வெந்த ருசி வந்துவிடும். குளிரோ நொதியைக் கொல்வதில்லை, அதன் வேகத்தைத் தணிக்கிறது, அவ்வளவே.

லாப்ரடாரில் கடுங்குளிரில் மீன் நொடியில் உறைவதைக் கண்ட கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்பவர், குளிர்ந்த உலோகப் பரப்புகளுக்கிடையே உணவை விரைந்து உறையவைக்கும் இயந்திரத்தை நிர்மாணித்தார்; 1930 மார்ச் 6-ஆம் தேதி மாசச்சூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் அம்முறையில் உறைந்த சரக்குகள் விற்பனைக்கு வந்தபோது, அவற்றுள் ராஸ்பெர்ரியும் இருந்தது. விரைவாக உறைந்தால் படிகங்கள் சிறுத்துப் பழத்தின் கட்டமைப்பு குலையாதிருக்கும் என்பது மெய்தான்; ஆயினும் புகழ் அனைத்தையும் அவருக்கே சூட்டிவிடும் சம்பிரதாயம் எனக்குச் சம்மதமன்று. எவ்வளவு துரிதமாக உறைந்த கனியும் அசிரத்தையான கிடங்கில் கிடந்தால் நிறமிழக்கவே செய்யும்.

இதைத் திட்டமாக அளந்தவர்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பின், கலிபோர்னியாவின் ஆல்பனியிலிருந்த அரசாங்க விவசாய ஆராய்ச்சிசாலையினர். பூஜ்யம் டிகிரி பாரன்ஹீட்டில், அதாவது சென்டிகிரேடில் மைனஸ் 18-இல், மாதக்கணக்கில் நிற்கும் நிறம், உஷ்ணம் சற்றே ஏறினாலும் வாரக்கணக்கிலும், இன்னும் ஏறினால் நாட்கணக்கிலும் கெடுகிறது என்று கண்டார்கள். கிடங்கிலும் ரயில் வண்டியிலும் கடைப்பெட்டியிலும் நேர்ந்த சேதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடும் என்பதையும், மறுபடி எவ்வளவு குளிர்வித்தாலும் போன நிறம் மீளாது என்பதையும் அவர்கள் பரீட்சித்துக் காட்டிய பிறகு, உறைந்த உணவைப் பூஜ்ய டிகிரியிலேயே வைக்க வேண்டுமென்று வற்புறுத்தி வந்தவர்களுக்கு உறுதியான ஆதாரம் கிடைத்தது.