வெள்ளீயப் பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலங்கள்: கரைசல் புட்டிக்குள் ஒரு வரலாறு

2014-ஆம் ஆண்டு, ஏறத்தாழ ஒரே சமயத்தில், இரண்டு ஆய்வுக்குழுக்கள் காரீயம் கலவாத பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலங்களை அறிவித்தன. ஆக்ஸ்ஃபோர்டில் ஹென்றி ஸ்னெய்த் குழு 6.4 சதவீதச் செயல்திறனையும், அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மெர்கூரி கனட்சிடிஸ் குழு 5.73 சதவீதத்தையும் எட்டின. காரீயக் கலங்கள் அதற்குள் 15 சதவீதத்தைத் தாண்டிவிட்டிருந்தன. கோட்பாட்டளவில் வெள்ளீயம் பின்தங்கக் காரணமே இல்லை. ஃபார்மமிடினியம் வெள்ளீய அயோடைடின் ஆற்றல் இடைவெளி சுமார் 1.4 எலக்ட்ரான் வோல்ட். சூரிய ஒளியை மின்சாரமாக்க இது காரீயச் சேர்மத்தின் இடைவெளியைவிடப் பொருத்தமானது. பின்னடைவுக்குக் காற்றும் ஈரமும்தான் காரணம் என்றே பல ஆண்டுகள் சொல்லப்பட்டது. அந்த விளக்கம் பாதி உண்மைதான். மீதிப் பாதி, படலம் பூசப் பயன்படும் முன்னோடிக் கரைசலுக்குள் இருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வெள்ளீயப் பெரோவ்ஸ்கைட்டின் வரலாறு சூரிய மின்கலத்துக்கு முந்தையது. 1978-இலேயே ஜெர்மனியில் டீட்டர் வெபர் காரீயச் சேர்மத்தோடு வெள்ளீயச் சேர்மத்தையும் உருவாக்கிக் காட்டினார். 1990-களில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் டேவிட் மிட்சியும் சகாக்களும் வெள்ளீய அயோடைடு அடுக்குகளின் மின்கடத்தலை விரிவாக ஆராய்ந்தனர். 1999-இல் அத்தகைய சேர்மத்தைக் கரைசலிலிருந்து படலமாக்கி டிரான்சிஸ்டரும் செய்தனர். மின்னணுவியலில் முதலில் கால் வைத்தது வெள்ளீயமே என்பது இன்று அதிகம் நினைவுகூரப்படுவதில்லை.

சிக்கல் வெள்ளீயத்தின் இரண்டு எலக்ட்ரான்களில் இருக்கிறது. பெரோவ்ஸ்கைட் படிகத்துக்கு வெள்ளீயம் +2 நிலையில் இருந்தாக வேண்டும். காரீயம் தன் வெளிக்கூட்டு எஸ்-எலக்ட்ரான்களை இறுகப் பிடித்திருக்கும். வெள்ளீயமோ அவற்றை எளிதில் இழந்து +4 நிலைக்குப் போய்விடும். அப்படி மாறும்போது படலத்தில் நேர்மின் துளைகள் மிகுகின்றன. ஒளியால் பிறந்த எலக்ட்ரான் மின்முனையை அடையுமுன் ஏதாவதொரு துளையில் விழுந்து மடிகிறது; கலத்தின் மின்னழுத்தம் சரிகிறது.

முதலில் கிடைத்த மருந்து வெள்ளீய ஃபுளூரைடு. 2012-இல் நார்த்வெஸ்டர்ன் குழு இதைச் சீசியம் வெள்ளீய அயோடைடில் கலந்தது. 2014-இல் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இதே உத்தியால் 2.02 சதவீதக் கலம் ஒன்றைச் செய்தது. அன்றிலிருந்து இது சேராத கரைசலே அரிது என்றாகிவிட்டது. ஆனால் அளவு மிஞ்சினால் தனியே பிரிந்து படலத்தில் திட்டுத்திட்டாகப் படியும். 2016-இல் கொரியாவில் சாங் இல் சியோக் குழு பைரசீன் சேர்த்து அதைக் கட்டுப்படுத்தி 4.8 சதவீதம் பெற்றது. ஃபுளூரைடு ஏன் உதவுகிறது? படிகத்தில் வெள்ளீயம் இல்லாத வெற்றிடங்களை அது குறைக்கிறது என்பதே நெடுங்கால விளக்கம். 2021-இல் பெர்லினில் அந்தோனியோ அபாத்தே குழு வேறொன்றைக் காட்டியது: கரைசலிலேயே ஃபுளூரைடு +4 வெள்ளீயத்தைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது; அப்படிப் பிடிபட்ட வெள்ளீயம் வளரும் படிகத்துக்குள் எளிதில் நுழைவதில்லை. மருந்து வேலை செய்த இடம் புட்டிதான்.

இந்த வரலாற்றின் முரண் கரைப்பானில் இருக்கிறது. வெள்ளீய அயோடைடு, காரீய அயோடைடைவிட வலுவான லூயிஸ் அமிலம், அதாவது எலக்ட்ரான் இணையை ஏற்கும் பொருள். ஃபார்மமிடினியம் போன்ற கரிம உப்போடு உடனே வினைபுரிந்து அவசரமாகப் படிகமாகும். படலம் ஓட்டை விழுந்து நிற்கும். அந்த அவசரத்துக்குக் கடிவாளம் போட டைமெத்தில் சல்பாக்சைடு, சுருக்கமாக டிஎம்எஸ்ஓ, கைகொடுத்தது. அதன் ஆக்சிஜன் வெள்ளீயத்தோடு பிணைந்து ஓர் இடைநிலைச் சேர்மத்தை உருவாக்க, படிகம் நிதானமாக வளர்கிறது என்று 2015-இல் கனட்சிடிஸ் குழு விளக்கியது. அதன் பிறகு டிஎம்எஸ்ஓ இல்லாத செய்முறையைக் காண்பதே கடினமானது.

ஆனால் 2020-இல் கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் மக்சூத் சைதமினோவ் குழுவும், தனியே அபாத்தே குழுவும், அந்தக் கரைப்பானே வெள்ளீயத்தை ஆக்சிஜனேற்றம் செய்கிறது என்று காட்டின. ஃபார்மமிடினியம் உப்பு கரைசலைச் சற்று அமிலமாக்குகிறது. அந்தச் சூழலில் டிஎம்எஸ்ஓ தன் ஆக்சிஜனை இழந்து டைமெத்தில் சல்பைடாக மாறுகிறது. வெள்ளீயம் +4 நிலையை அடைகிறது. வெப்பம் கூடினால் வேகமும் கூடும். ஆகவே காற்றுப் புகாத கையுறைப் பெட்டிக்குள், நைட்ரஜன் நிரம்பிய சூழலில், மூடியிட்ட புட்டியில் வைத்தாலும் மஞ்சள் கரைசல் கெடும். ஆக்சிஜனை வெளியே நிறுத்த இத்தனை பாடுபட்டவர்கள் அதை உள்ளேயே ஊற்றி வைத்திருந்தார்கள்.

அப்படியென்றால் டிஎம்எஸ்ஓவை விட்டொழிக்கலாமா? அபாத்தே குழு டிஎம்பியூ போன்ற மாற்றுக் கரைப்பான்களைத் தேடிப் போனது. ஆனால் கடிவாளத்தைக் கழற்றினால் படிகம் மறுபடி தறிகெட்டு ஓடுகிறது. வேறு சிலர் கரைப்பானை விட்டுவிட்டு வெள்ளீயத்தைத் தூய்மைப்படுத்த முனைந்தனர். 2018-இல் கரைசலில் வெள்ளீய உலோகத் தூளையே போட்டுப் பார்த்தார்கள்: உலோகமும் +4 வெள்ளீயமும் சேர்ந்து இரண்டு +2 வெள்ளீயமாகின்றன, கிடைத்தது 6.75 சதவீதம். 2020-இல் கியோட்டோவில் அட்சுஷி வகமியா குழு கரைசலுக்குள்ளேயே வெள்ளீய நுண்துகள்களைப் பிறப்பித்து 11.5 சதவீதம் எட்டியது. 2021-இல் ஷாங்காய்டெக் பல்கலைக்கழகத்தில் நிங் சிஜுன் குழு கடையில் வாங்கும் வெள்ளீய அயோடைடை நம்பாமல், வெள்ளீயத் தூளையும் அயோடினையும் டிஎம்எஸ்ஓவிலேயே வினைபுரிய வைத்துப் பெற்றது 14.6 சதவீதம். குற்றவாளி என்று பெயரெடுத்த கரைப்பானில்தான் இந்தச் சாதனையும் நடந்தது. டிஎம்எஸ்ஓவைத் தீயது என்று ஒரேயடியாக ஒதுக்குவது அவசரத் தீர்ப்பு. எந்த வெப்பநிலையில், எந்த உப்போடு, எவ்வளவு நேரம் வைத்தோம் என்பதைப் பொறுத்தது அதன் குணம்.

இடையே ஒரு சொல்: காரீயம் நஞ்சு, வெள்ளீயம் தீங்கற்றது என்ற எளிய கணக்கும் அவ்வளவு எளிதல்ல. 2016-இல் வரிக்குதிரை மீன்களைக் கொண்டு நடந்த சோதனையில், நீரில் கரைந்த வெள்ளீய அயோடைடு அந்த நீரைக் கடுமையாக அமிலமாக்கி, காரீய அயோடைடைவிட அதிக மீன் கருக்களைக் கொன்றது.

வெள்ளீயக் கலங்கள் இன்று 15 சதவீதத்தைக் கடந்துவிட்டன. காரீயக் கலங்கள் 26-ஐக் கடந்துவிட்டன. இந்தத் துறையில் வரும் கட்டுரைகள் செயல்திறனை ஒரு தசமம் வரை துல்லியமாகத் தருகின்றன. கரைசல் எந்த வெப்பநிலையில் கலக்கப்பட்டது, பூசும்போது அதன் வயது என்ன, வெள்ளீய அயோடைடில் +4 வெள்ளீயம் எவ்வளவு இருந்தது என்பவற்றையும் அதே துல்லியத்தோடு தர வேண்டும். அவை இல்லாமல் இரண்டு ஆய்வகங்களின் எண்களை ஒப்பிட முடியாது.