நிற்கக் கற்ற லாரி



ஓடுகின்ற வண்டியைக் கண்டு வியப்பவர் பலர். அது எவ்வாறு நிற்கின்றது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. இன்று நாம் அச்சிலரோடு சேர்வோம்.

நான் வாழும் ஊர் நெய்வேலி நகரியம். 1956-ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரிக் கழகம் பதிவு பெற்றது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962-இல் அனல் மின் நிலையத்தின் முதற்பொறி, 50 மெகாவாட் ஆற்றலுடையது, இயங்கலாயிற்று. பொறிகளோடு வளர்ந்த ஊராதலின், இங்கே பட்டறைத் தொழிலாளர் சொல்லுக்கும் ஆசிரியர் சொல்லுக்கும் ஒத்த மதிப்பு உண்டு.

சில ஆண்டுகட்கு முன், என்னிடம் பயின்ற ஒருவர் நகரியத்துக்கு வெளியே உள்ள தம் பட்டறைக்கு என்னை அழைத்துச் சென்றார். அங்கே பழைய லாரி ஒன்று நின்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தது. முதலில் அதற்கு இருந்தது பெட்ரோல் எஞ்சின். பின்னர் யாரோ அதைக் கழற்றி, டீசல் எஞ்சினைப் பூட்டியிருந்தனர்.

“ஐயா, வண்டி நன்றாக இழுக்கின்றது. ஆனால் பிரேக்கை மிதித்தால் கல்லை மிதிப்பதுபோல் இருக்கின்றது. பாரம் ஏற்றினால் நிறுத்த இயலாது” என்றார் அவர். பிரேக் ஆயிலை மாற்றியிருந்தார், லைனிங்கும் புதிது. ஆயினும் குறை தீரவில்லை.

இருவரும் முறையாக ஆராய்ந்தோம். குழாயினுள் காற்றுப் புகுந்திருந்தால் மிதி பஞ்சுபோல் அமுங்கும். ஒரு பக்கத்து லைனிங்கில் எண்ணெய் படிந்திருந்தால் வண்டி மறு பக்கம் இழுக்கும். இங்கே இவ்விரண்டும் இல்லை. மிதிப்பவர் காலுக்கு உதவ வேண்டிய துணைவிசையே வரவில்லை. அது ஏன் என்பதை அறிய வரலாற்றைச் சற்றே புரட்ட வேண்டும்.

1902-இல் பிரான்சு நாட்டு லூயி ரெனோ, உருளையின் உட்புறத்தை அழுத்தி நிறுத்தும் டிரம் பிரேக்கை அமைத்தார். அக்காலத்தில் கம்பிகளும் கோல்களுமே காலின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டு சென்றன. ஒரு கம்பி தளர்ந்தால் வண்டி ஒரு பக்கம் திரும்பிவிடும். 1917-இல் அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் திரவ பிரேக்குக்கு உரிமை பெற்றார். அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எங்கும் ஒரே அளவாய்ப் பரவும் என்ற பாஸ்கல் விதியை நீவிர் படித்திருப்பீர். அவ்விதியே எல்லாச் சக்கரங்களையும் ஒருங்கே பிடித்தது. பாரம் பெருகவே மனிதக் கால் போதவில்லை. பெல்ஜியத்து ஆல்பர்ட் துவாந்தர், பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தையே துணைவிசையாக்கினார்.

மர்மம் இங்கேதான் இருந்தது! பெட்ரோல் எஞ்சினில் காற்று புகும் வழியை ஒரு மடல் அடைக்கின்றது. அதனால் வெற்றிடம் பிறக்கின்றது. டீசல் எஞ்சினில் பொதுவாக அத்தகைய மடல் இல்லை, வெற்றிடமும் இல்லை. எஞ்சினை மாற்றியவர் ஓட்டத்தை எண்ணினார், நிறுத்தத்தை மறந்தார். எஞ்சினால் சுழலும் வெற்றிடப் பம்பு ஒன்றை என் மாணவர் பொருத்தினார், மிதி இளகியது.

சென்னையில் சிம்ப்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செய்யத் தொடங்கிய பின், இத்தகைய மாற்றம் பல பழைய லாரிகளுக்கு நேர்ந்தது. விரைவு இருமடங்கானால், நிறுத்தும்போது பிரேக் தாங்க வேண்டிய வெப்பம் நான்மடங்காகும் என்பதை நினைவிற்கொள்க. வலிமை மிகுந்த எஞ்சினைப் பூட்டுபவன் வலிமை மிகுந்த பிரேக்கையும் பூட்டக் கடமைப்பட்டவன்.

அடுத்த படி காற்று பிரேக். 1869-இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் அதை இரயிலுக்கு அமைத்தபோது ஒரு குறை இருந்தது: குழாய் அறுந்தால் பிரேக்கும் போகும். 1872-இல் அவர் அம்முறையைத் தலைகீழாக்கினார். குழாயில் காற்று குறைந்தால் பிரேக் தானே பிடிக்கும். இன்றைய கனரக லாரியின் சுருள்வில் பிரேக்கும் இக்கருத்தின் வழிவந்ததே. வில் பிடிக்கும், காற்று விடுவிக்கும், காற்று போனால் வண்டி நிற்கும்.

நெய்வேலியில் மின்சாரம் பிறந்த அதே 1962-இல், சுந்தரம்-கிளேட்டன் நிறுவனம் தொடங்கப்பெற்றது. இங்கிலாந்தின் கிளேட்டன் துவாந்தர் நிறுவனத்தோடு கூடி, சென்னையை அடுத்த பாடியில் காற்று பிரேக்குகளைச் செய்தது. பெல்ஜியத்துப் பொறியாளரின் பெயர் பாடி வரை வந்த கதை இதுதான்.

மாணவர்களே, ஒரு கருவியின் மேன்மையை அது நன்கு இயங்கும்போது மட்டும் அளக்காதீர். பழுதுறும்போது அது நம்மைக் காக்கின்றதா என்றும் கேளுங்கள். வெஸ்டிங்ஹவுஸ் கேட்ட கேள்வி அதுவே. நாளை நீவிர் எப்பொறியை அமைத்தாலும், எப்பொறுப்பை ஏற்றாலும், முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.